பத்து லிட்டர்

பாதி அவன் காசு, பாதி என் காசு.
அதனால் விற்கவும் முடியவில்லை,
காயலான் கடைக்குத் தள்ளவும் மனமில்லை.
எண்பத்தெட்டாம் வருடத்துப் பீஜோ பிக்கப்,
டீசல். ஒரு காலத்தில் வெள்ளை.
த்ரெவெலின் ஊர்க்கோடியில், என் கொட்டகையில்,
சக்கரமில்லாமல்
நான்கு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது.

ரோகேலியோவும் நானும் பேசிக்கொள்வதில்லை.
காரணம் ஒரு வேலி, முப்பத்தொரு ஆடு,
அவன் மனைவி முன்னால் தம்பியை நான் சொன்ன ஒரு சொல்.
அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

நான் ரொட்டி சுடுகிறவள்.
மூன்று மணிக்கு எழுந்து
மதியத்துக்குள் கடையை மூடிவிடுவேன்.
இருட்டும்வரை வண்டி என்னுடையது.
அவன் மர அறுவை ஆலையிலிருந்து
ஒன்பதுக்கு மேல் வருவான்.
கொட்டகைச் சாவி அவனிடமும் ஒன்று.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஸ்பானர் விழும் சத்தத்தில் தூங்கிப்போவேன்.
காலையில் என் கிண்ணத்தில்
அவன் குடித்துவிட்டுப் போன மாத்தே இலை
ஈரமாய்க் கிடக்கும்.

பேச வேண்டியதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம்.

மூன்றாம் லைனர் தேய்ந்திருக்கிறது.
தெரியும்.
ஹெட் போல்ட் இரண்டு குறைகிறது.
எஸ்கேலில் சொல்லியாயிற்று. வெள்ளி வரும்.
ஆயில் அளவுக்குச்சி உடைந்துவிட்டது, வாங்க வேண்டும்.
(இது மார்ச் மாதத்திலிருந்து இருக்கிறது.)
பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்த இடத்தில் வை.

கடைசி வரிக்குப் பதில் வரவில்லை.
ஸ்பானர் மட்டும் இருந்தது,
துடைத்து, ஒரு துணி விரித்து, அதன் மேல்.

பிஸ்டன் தலையில் கட்டியிருந்த கரி
என் அடுப்புக் கூரையில் படிகிற அதே கரி.
மாவு சுரண்டும் தகட்டால் சுரண்டினேன்.
வெளியே மேற்குக் காற்று
தகரத்தை ஆணியோடு பெயர்க்கப் பார்த்தது.

ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் பூட்டியாயிற்று,
ஏர் ஃபில்டர் ஒன்றைத் தவிர.
முடிந்தது என்று
யார் முதலில் எழுதுவது?
இருவரும் எழுதவில்லை.

ஞாயிறு மதியம்.
ஹீட்டர் ப்ளக் சூடாக இருபது எண்ணி
சாவியைத் திருப்பினேன்.
ஒரு இருமல். இன்னொன்று.
பிறகு பிடித்துக்கொண்டது.
நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சத்தம் ஏறியது.
பெடலில் என் கால் இல்லை.
மறுபடி ஏறியது.
அணைத்தேன், அணையவில்லை.
சாவியை உருவியே எடுத்துவிட்டேன்.
சாவி கையில், எஞ்சின் தன் பாட்டுக்கு.
டீசல் தேவையில்லை அதற்கு, சாவி தேவையில்லை,
தன் வயிற்று எண்ணெயையே குடித்து
ஓடிக்கொண்டிருந்தது,
வெளியிலிருந்து எதுவும் வேண்டாத
ஒரு சண்டை மாதிரி.
நீலப்புகையில் சுவரெழுத்து மறைந்தது.

'காற்றை அடை!'

பதினொரு மாதத்தில் அவன் சொன்ன முதல் சொல்.
அவன் எங்கே நின்றிருந்தான்,
எவ்வளவு நேரமாய் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
அடுக்களைக்கு ஓடி
மாவு பிசையும் பலகையைக் கொண்டுவந்து
எஞ்சின் மூச்சிழுக்கும் வாயில் அழுத்தினேன்.
உள்ளிருந்து யாரோ பற்றினதுபோல் பலகை ஒட்டிக்கொண்டது.
என் கை மேல் அவன் கை.
திணறி, உதறி,
நின்றது.

தெரு நாய்களெல்லாம் குரைத்துக்கொண்டிருந்தன.

'ஆயில் எவ்வளவு ஊற்றினாய்?'
'அஞ்சு லிட்டர். வியாழக்கிழமை.'
அவன் கண்ணைத் துடைத்தான். புகை.
'நான் புதன் ராத்திரி அஞ்சு.'
'சுவரில் எழுதியிருக்கலாமே.'
'சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.'

அடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினோம்.
சூடான எண்ணெய் நூலாய் இறங்க
இருவரும் தரையில் உட்கார்ந்து
எத்தனை லிட்டர் என்று எண்ணினோம், உரக்க.
ஐந்தில் அவன் நட்டைப் பூட்டினான்.
'பேரிங் போயிருக்கும்.'
'போகாது.'
'போயிருக்கும், எலெரி.'
வேலி நின்ற இடத்தில்தான் நிற்கிறது.
ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பலகையை மூன்று தடவை கழுவினேன்.
நடுவில் அந்த வட்டம் போகவில்லை.
திங்கட்கிழமை ரொட்டியை முகர்ந்துவிட்டு
திருமதி பிரிட்சார்ட் கேட்டாள்,
'என்ன, டீசல் வாசனை?'
இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.