பதினெட்டாம் வளைவு

அடிவாரம் தாண்டியதும் எலுமிச்சம்பழம் நீட்டினாள்
பக்கத்து சீட்டுக்காரி.
"மொத தடவையா ஏற்காடு?"
சேலத்துக்காரிதான், அஸ்தம்பட்டி என்றேன்.
மலைப் பேருந்தில் எனக்கு எப்போதும் குமட்டும்.
பதினெட்டாயிரம் அடியில்
ஹெலிகாப்டர் ஓட்டியவள் என்றால் சிரிப்பாள்.
சொல்லவில்லை.

முன்னாள் படைவீரர் அலுவலகத் தாளில்
'சண்டையில்லாப் பணி' என்று ஒரு வரி.
சரிதான்.
ஒரு குண்டும் சுட்டதில்லை நான்.
தூக்கிவந்தேன், அவ்வளவு.

சடையப்பன், நாகலூர்.
கம்பளிக்குக் கீழே என்ன மிச்சமென்று
திரும்பிப் பார்க்கவில்லை.
ஹெட்செட்டில் குரல் மட்டும்:
பதினொண்ணு. பன்னெண்டு.
"என்ன சொல்கிறான்?" என்றார் தமிழறியாத சக விமானி.
எண்ணுகிறான் என்றேன்.
எதை என்று சொல்ல நேரமில்லை.
பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக்கொண்டிருந்தது.

பதினாலில் காது அடைக்குது என்றான்.
பதினாறில்,
"குளிருது கண்டக்டரே, ஷட்டரை எறக்குங்க."
எறக்கிட்டேன் தம்பி என்றேன்,
இரண்டு கையும் கட்டுப்பாட்டுத் தண்டில்.
பதினேழு என்றான்.

அப்புறம் இயந்திரச் சத்தம்.

பேருந்து திணறி ஒடிக்கிறது.
மஞ்சள் பலகையில் 18/20.
குட்டியோடு ஒரு குரங்கு, யாரோ வீசிய சிப்ஸ் உறை.
இவ்வளவு சின்ன வளைவா.
எலுமிச்சையை நகத்தால் கீறி முகர்கிறேன்.
பத்தொன்பதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்,
இருபதையும்.

"எங்க எறங்கறீங்க?"
"நாகலூர் போகணும்."
"அங்க யாரு இருக்காங்க?"

பனி உள்ளே வருகிறது.
ஷட்டரைப் பிடித்து இழுக்கிறேன்.
துரு. இறங்கமாட்டேன் என்கிறது.