துணைக்கால்

தேர்தல் வந்தால்
என் விரல்கள் ஒரே விகுதியில் தேயும்:
ஓம்.

அமைப்போம். அகற்றுவோம்.
நொய்யலை மீட்போம்,
சாயக்கழிவை நிறுத்துவோம், சாயப்பட்டறையையும் காப்போம்.
மந்திரம் மாதிரிதான்,
ஓம் இல்லாமல் ஒரு வாக்குறுதியும் முடியாது.

அங்காளம்மன் ஆப்செட்டில்
மூன்று கட்சிக்கும் ஒரே ஃபைல்.
கொடியின் நிறம் மாற்றி, தலைவரின் படம் மாற்றி,
வேறு பெயரில் சேமித்தால் அறிக்கை ரெடி.
"படிக்கறதுக்கா அடிக்கறாங்க?
மடிச்சுக் குடுக்கறதுக்குங்க" என்பார் முதலாளி கிட்டுசாமி.

துளசிமணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து,
தலைமுடியெல்லாம் பஞ்சு.
ஓவர்லாக் டெய்லர். சுயேச்சை. சின்னம் குழாய்.
(அவள் தெருவில் தண்ணீர்
பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.
குலுக்கலில் விழுந்த சின்னமுங்க, நானாக் கேக்கல
என்று சொல்லிச் சிரித்தாள்.)

பீஸ் ரேட் நோட்டில் கிழித்த தாள்.
ஒரு பக்கம் டஜன் கணக்கு.
மறுபக்கம்:

ஆற்றைச் சுத்தம் செய்வேன் என்று சொல்ல மாட்டேன்.
அது என்னால் ஆகாது.
தண்ணீர் வராவிட்டால் பதிமூன்றாம் நாள் காலிக் குடத்தோடு
மண்டல ஆபீஸ் வாசலில் நிற்பேன்.
ஒருநாள் சம்பளம் போனாலும் நிற்பேன்.
ஜெயித்தாலும் நிற்பேன்.
தோற்றாலும் நிற்பேன்.

அவ்வளவுதான்.

"அறிக்கையாட்டம் இல்லீங்களே" என்றேன்.
"நாலு எடத்துல ஓம் போட்டா எடுப்பா இருக்கும்."

"ஓம்னா யாராருங்க?
பேரு சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வந்து போடறேன்.
கேக்காம எப்படி அவங்களச் சேத்திக்கறது?"

பதினைந்து வருடத்தில்
யாரும் என்னிடம் இலக்கணம் கேட்டதில்லை.

முந்நூறு பிரதி, மட்டத் தாள், ஒற்றை நிறம்.
அடியில் சட்டப்படி
அச்சகத்தின் பெயரும் எண்ணிக்கையும்.
அன்றைக்குப் போன கரண்ட்
பதினொன்றரைக்குத்தான் வந்தது.
தூக்கத்தில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

காலையில் கட்டைப் பிரித்தவள்
கடைசி வரியில் விரலை வைத்தாள்.
தோற்றாலும் நிற்போம்.

"திருப்பி அடிச்சுத் தாரனுங்க."
"ஆகற காரியமா? நாளையோட பிரச்சாரம் முடியுது.
ஒரு பேனா இருக்குதுங்களா?"

பைண்டிங் மேசையில் உட்கார்ந்து
ஒவ்வொரு தாளாக
அந்தத் துணைக்காலை அடித்தாள்,
ம்-மை ன் ஆக்கினாள்.
நானும் ஒரு பேனா எடுத்தேன்.
என் ன் எல்லாம் கோணல்.
இருநூறு இருக்கும், தாண்டவில்லை,
கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.
மிச்சத்தை அப்படியே அள்ளிக்கொண்டு
படியில் ஓடினாள்.

அறுபத்தொரு ஓட்டு. டெபாசிட் இல்லை.
ஜெயித்தவரின் அறிக்கை, மிஞ்சிய கட்டு,
எங்கள் மிஷினுக்கடியில்
எண்ணெய் குடித்துக்கொண்டு கிடக்கிறது.
நன்றாகவே உறிஞ்சுகிறது. வழவழத்தாள் இல்லை, நல்ல வேளை.

பிறகொரு நாள் டீ வாங்கப் போனவன்
மண்டல ஆபீஸ் வாசலில் பார்த்தேன்:
துளசிமணி, நீலக் குடம்.
நாலடி தள்ளி இஸ்திரிக்கடை நாச்சிமுத்து,
இரண்டு வருடமாக அவளோடு பேச்சில்லாதவர்,
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு.
அவருக்குப் பின்னால் பசந்த்,
செக்கிங்கில் இருக்கும் ஒடிசாப் பையன்,
இங்கே ஓட்டு இல்லாதவன்,
எண்ணெய் டின்னைக் கழுவி எடுத்து வந்திருந்தான்.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றாள்.

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை உருவினார்.
திருத்தாத தாள்.
"நிற்போம்னு நீதானே போட்டிருக்கற?
என்னயக் கேட்டயா? கேக்கல.
இந்தப் பையனுக்கும் நாந்தான் படிச்சுச் சொன்னேன்.
கேக்காமப் போட்டுட்டு
இப்ப வந்து எதுக்குன்னு கேக்கற."

துளசிமணி அவருக்குப் பதில் சொல்லவில்லை.
ரோட்டுக்கு இந்தப் பக்கம்
என்னைப் பார்த்தாள்.

தூக்குப்போசியில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
எங்கள் தெருவுக்கு
அன்று பதினாலாம் நாள்.