கடைசி யார்?

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
படகு இருக்கிறது, ஆறு இல்லை.
இருந்தவற்றைப் பஞ்சாலைக்காரர்கள்
செங்கல் குழாய்க்குள் தள்ளி மூடி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
அந்தத் தெருக்களின் மேல்
பதினெட்டு வருடமாக நான் டிராம் ஓட்டுகிறேன்.

டிராமில் ஒரு மிதி உண்டு.
கால் அதன்மேல் அழுந்தியபடியே இருக்க வேண்டும்.
எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும்;
ஓட்டுபவள் செத்துவிட்டாள் என்று அதற்குக் கணக்கு.
போன வருடம் பிப்ரவரியில், ஒரு திருப்பத்தில்,
நான் சாகாமலே வண்டி நின்றது.

முதல் டாக்டர் ரத்தம் எடுத்தார்.
இரண்டாமவர் அதே ரத்தத்தை வேறு பெயர்களில் எடுத்தார்.
மூன்றாமவர் வயதைக் கேட்டார்.
நாற்பத்தேழு என்றேன்.
அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நான்காமவர், வீட்டில் எல்லாம் சுகம்தானா என்றார்.
சுகம்தான்.
ஸெனோனை என்ன குறை சொல்ல?
விடியுமுன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
வெள்ளரி ஊறுகாய், ஜாம், காப்பித்தூள்
எல்லா ஜாடிகளையும் திறந்து
மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போகிறான்.
இதைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எல்லா அறிக்கைகளிலும் ஒரே சொல்: இயல்பு.
டிப்போ மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு
"வாழ்த்துகள், வியெஸ்வாவா" என்றார்.
கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.
ஒவ்வொரு காலையிலும்
யாரோ என்னை அடித்துத் துவைத்துப்
பிழியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அந்த ஈரக் கனத்தோடுதான் எழுகிறேன்.
ஊர் படகு என்றால்
யாராவது வலிக்கத்தானே வேண்டும்.

படிவத்தில் ஒரு மனித உருவம், முன்னும் பின்னும்.
வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடவும்.
போட்டு முடித்தபோது
காது மடல்கள் இரண்டும் மிஞ்சின.
குத்தலா, குடைச்சலா, கடுப்பா, எரிச்சலா,
ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
திங்கள்கிழமை எது என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.

பதினான்கு மாதம் காத்திருந்து வாதநோய் நிபுணர்.
காலணிமேல் நீலப் பிளாஸ்டிக் உறை,
சரசரவென்று ஒரு நடைவழி.
இங்கே வரிசைக்கு எண் கிடையாது.
புதிதாக வருகிறவர் வாசலில் நின்று
"கடைசி யார்?" என்பார்.
ஒரு கை உயரும். அவ்வளவுதான் சட்டம்.
நான் கேட்டபோது
ஒருத்தி கையை உயர்த்தவில்லை,
புருவத்தை உயர்த்தினாள்.
இவளும் நம் கட்சி என்று புரிந்துவிட்டது.
பெயர் கேட்கவில்லை. எத்தனை வருடம் என்றேன்.
ஒன்பது என்றாள்,
இறங்க வேண்டிய நிறுத்தத்தைச் சொல்வதுபோல.

டாக்டர் ஒசிப்யுக் சின்னப் பெண்.
கை ஜில்லிட்டிருந்தது; மன்னிக்கச் சொன்னாள்.
கழுத்தடி, தோள், முழங்கை, இடுப்பெலும்பு,
ஒவ்வோர் இடமாக அமுக்கி
ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாள்,
தாளை அல்ல.
அரை மணி நேரம்.
பிறகு சொன்னாள்:
"எனக்கு இன்னும் தெரியவில்லை."

ஒன்றுமில்லை என்று நாலு பேர் கைகழுவிய இடத்தில்
தெரியவில்லை என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
சட்டைப் பித்தானோடு என் விரல்கள் மல்லாடின.
அவளே போட்டுவிட்டாள்,
கடைசியை மட்டும் தப்பான துளையில்.
நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் யாரோ
"கடைசி யார்?" என்றார்கள்.
பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.
வலித்தது.

அடுத்த தேதி நவம்பரில்.
மாத்திரை இல்லை. பெயர் இல்லை.
மழை விட்டிருந்தது.
நிறுத்தத்தில் இரும்பு மூடிக்கு அடியில்
ஏதோ ஓடுகிற சத்தம்.
பதினெட்டு வருடம் மணியடித்துக்கொண்டே
இதன்மேல் போயிருக்கிறேன்.
டிராம் வந்தது. ஏறவில்லை.
அடுத்ததில் போகலாம் என்று
கால் மாற்றிக் கால் மாற்றி நின்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.