முப்பத்தொன்று

ரயிலிலிருந்து சைக்கிள்கள்தான் முதலில் இறங்கின.
முப்பது. எல்லாம் பட்டாளத்துப் பச்சை.
பிறகு அவற்றின் ஆட்கள்.
செட்டிநாடு ரயிலடி, நாற்பத்து நாலு, மாசி வெயில்.
மூட்டை தூக்கும் சேவுகன் என் காதில் சொன்னான்:
"அடைக்கா, உன்னைவிடக் கறுப்புடா."
அவன் என்னைவிடக் கறுப்பு.
அதைச் சொல்லவில்லை.

ஏரோப்ளேன் இறங்க வெட்டிய பொட்டலுக்கு ஆறு மைல்.
அரை மைலுக்குள் உடைமுள் வேலையைக் காட்டிவிட்டது:
பதினான்கு பஞ்சர்.
புளியமரத்தடியில் என் வாளித் தண்ணீரில்
ட்யூப்பை முக்கி முக்கிக் குமிழி தேடினேன்.
பக்கத்தில் குந்தித் தானும் ஒன்றை முக்கினார் கார்ப்போரல்.
நெஞ்சைத் தொட்டு, அம்போஃபோ என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பேச்சில் அம்போ என்றால்
நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவது.
அதை எப்படிச் சொல்ல?
எங்களுக்குள் இருந்ததே ஆறு சொல்:
பஞ்சர், பம்ப், வால்வ், செயின், சொல்யூஷன், குட்.

ஜீப்பில் வாய் திறந்து தூங்கினான் வெள்ளை லெப்டினன்ட்.
அவன் சம்பளத்தைச் செம்மண்ணில் குச்சியால் எழுதினார்.
கீழே தன்னுடையதை.
நடுவில் ஒரு சைக்கிளைப் படுக்கப்போடலாம்.

வழியில் இன்னும் முள் இருக்கும், கூட வா என்றார்கள் கையால்.
வழி என்றால் பெரிய வீதி.
எனக்கு அதில் சைக்கிள் கிடையாது.
இறங்கி, செருப்பைக் கேரியரில் வைத்து, உருட்ட வேண்டும்.
ஆறு சொல்லில் இதைச் சொல்ல முடியாது.
செய்து காட்டினேன்.
இறங்கினேன், குனிந்தேன், உருட்டினேன்.
அந்தக் குனிதலை அவர் முன்பே எங்கோ பார்த்திருக்க வேண்டும்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.
முன்னால் இருபது பேர், பின்னால் பத்துப் பேர்.

ஏறினேன்.

அந்த வீதி நூற்றறுபது மிதி.
பயத்தில் எண்ணினேன்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பர்மாத் தேக்கு
ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டது.
அந்தக் கதவுகள் வந்த நாட்டுக்குத்தான்
இவர்கள் சாகப் போகிறார்கள் என்று
கதவுகளுக்கு யார் சொல்வது?
அம்பலம் வீட்டு முக்கில் வேல்கம்போடு நின்ற இருவர்
முப்பது துப்பாக்கியைப் பார்த்ததும்
கம்பை ஊன்றி விறைத்தார்கள்,
சலாம் மாதிரி.
எனக்கும் சேர்த்து.
யாரோ மணியடித்தார். உடனே முப்பது மணியும்.
என் சைக்கிள் மூன்று சைக்கிளின் எலும்பில் கட்டியது,
மணி இல்லை.
நாக்கால் அடித்தேன்.

பொட்டலில் லெப்டினன்ட் எண்ணினான்: முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினான்.
யார் முகத்திலும் ஒன்றுமில்லை.
வெயில் தாளாமல்
முப்பத்தொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் ரயிலேறிய மறுநாள் எனக்கு ஆள் வந்தது.
அபராதம் பத்து ரூபாய்.
டயரில் ஏழு வெட்டு.
முதுகில் எத்தனை என்று நான் எண்ணவில்லை.
"இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாங்களே"
என்று அழுதாள் வெள்ளச்சி.
அம்போஃபோ, என்று திருத்தினேன்.
உதடு வீங்கி, சரியாக வரவில்லை.

அவர் கொடுத்துப்போன சொல்யூஷன் மூன்று வெட்டுக்கு வந்தது.
மிச்சம் நாலுக்குக் கடன்.

பர்மாவில் அவரை யாராவது எண்ணினார்களா, தெரியாது.
ஏதோ ஒரு ராணுவக் காகிதத்தில்
இன்னும் ஓர் ஆள் அதிகம்.
செத்தவர்களைக் கழிக்கும்போது
அவன் எவனுக்காவது ஈடாகியிருக்கலாம்.

இப்போதும் அந்த முக்கு வந்தால்
இறங்கவா என்று கால் கேட்கும்.
சில நாள் இறங்கியும் இருக்கிறேன்,
பொய் சொல்ல மாட்டேன்.