வைக்கோல் லாரிக்குப் பிறகு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுத் திறந்ததும்
முண்டியடித்து வந்த வைக்கோல் லாரி
தன் உயரத்தை மறந்து
எங்கள் ஃபைபர் கம்பியைத்
தலையில் சூடிக்கொண்டு போய்விட்டது
மன்னார்குடிப் பக்கம்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளின்
முந்தின நாள்.
நாலு கணினி, பதினேழு பேர்.
சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்
எல்லாம் மஞ்சள் பைகளில், மடியில்.
திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.
"செக்குமாடு தோத்துச்சு போங்க"
என்றார் பூவனூர்க்காரர்.
யாரும் சிரிக்கவில்லை.

தில்லைநாயகி தன் கைப்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கி
ஜன்னல் கம்பியில்
துப்பட்டாவால் கட்டித் தொங்கவிட்டாள்.
பதினொரு பேர் முடிந்தது.
பன்னிரண்டாவது ஆளுக்கு ஓடிபி வரும் நேரம்
அவள் மாமியார் அழைத்தார்,
சோற்றுக்கு உலை வைக்கவா என்று.

அடுத்த ஞாயிறு தஞ்சாவூர் போனேன்.
கடைக்காரர் ஆறு கொம்பு வைத்த ஒன்றை எடுத்தார்.
மல்லாந்த நண்டு மாதிரி இருந்தது.
"ஸ்பீடு பாருங்க மேடம், பறக்கும்."
பறக்க வேண்டாம் எனக்கு.
ஒன்று போனால் இன்னொன்றுக்குத்
தானே மாறத் தெரிய வேண்டும்,
யாரும் எழுந்து போய்ச் சொல்லாமல்.

எங்கள் ஊர் மூணாறு தலைப்பைச் சொன்னேன்.
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரியும் இடம்.
கோரையாற்றில் இறக்கி, பாமணியாற்றில் ஏற்ற,
ராத்திரியானாலும் சாவியோடு
லஸ்கர் சைக்கிளில் வருவார்.
அந்த லஸ்கரை
ஒரு டப்பாவுக்குள் உட்காரவைத்து
விற்கிறீர்களா?
"இருக்கு. ஆறாயிரத்து எண்ணூறு"
என்றார், கண் இமைக்காமல்.

சிம்மில்தான் இருந்தது சூட்சுமம்.
ஃபைபர் தந்தவர்களிடமே சிம்மும் வாங்கினால்
சலுகையாம்.
சலுகைதான்.
ஒரே வாய்க்காலில் இரண்டு மடை.
தலைப்பில் தண்ணீர் நின்றால்
இரண்டு வயலும் சேர்ந்தே வெடிக்கும்.
வேண்டாம் என்றுவிட்டேன்.

பக்கத்து உரக்கடையில், டீக்கடையில்
இரவல் வாங்கிய மூன்று சிம்களோடு
அறையறையாக நடந்தேன்,
போர் போட இடம் பார்க்கிறவர்
உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பாரே,
அந்த முகத்தோடு.
பீரோ ஓரம் ஒரு கோடு.
சாமி படத்தடியில் இரண்டு.
கழிவறைக் கதவருகே நான்கு!
அங்கேயே ஆணி அடித்தோம்.
கரண்டு போனாலும் விழித்திருக்க
அடியில் ஒரு சின்ன பேட்டரி.

ஒத்திகைக்குக் கம்பியை நானே பிடுங்கினேன்.
தில்லைநாயகி எண்ணினாள்.
முப்பத்தெட்டில்
பச்சை விளக்கு ஆரஞ்சானது.
செருகிவிட்டு
இன்னொரு தடவை பிடுங்கினேன்,
ஆசைக்கு.

தையில் அறுப்பு முடிந்து
மறுபடி வைக்கோல் லாரிகள்.
மறுபடி கம்பி.
"இப்ப மாறிடும், உட்காருங்க"
என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
முப்பத்தெட்டு.
அறுபது.
நூற்றுப்பத்து.
ஆரஞ்சு வந்தது, ஆனால்
கண் திறந்த பிணம் போல.
உள்ளே ஒன்றும் ஓடவில்லை.

சிம்முக்கு இருபத்தெட்டு நாள் ஆயுள்.
முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.
இவ்வளவும் யோசித்த எனக்கு
அது தோன்றவில்லை.
தில்லைநாயகி ஒன்றும் சொல்லாமல்
துப்பட்டாவை அவிழ்த்தாள்.
ஜன்னலில் தொங்கிய அவள் கைப்பேசி வழியே
சிம்முக்குப் பணம் போனது.
பிறகு ஓடியது, நன்றாகவே.

மாதத்துக்கு இரண்டு மூன்று நாள்
முன்னால் நழுவும் அந்தத் தேதியை
இப்போது காலண்டரில்
அவள்தான் துரத்திப் பிடித்துச்
சிவப்பு மையில் எழுதுகிறாள்:
'லஸ்கர் சம்பளம்.'

வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
இந்த ஆபீசில் யார் லஸ்கர் என்று.
கழிவறைப் பக்கம்
கை காட்டுகிறோம்.