கொண்டை ஊசி

அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் நாள்
அல்போன்சா டீச்சர் வகுப்பைப் பங்கு போட்டார்.
முதல் ஐந்து ரேங்க் லீடர்.
லீடருக்குத் தலா மூன்று பேர்.
பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு,
மெல்லக் கற்போர்.
என் பங்குக்கு வந்தவர்கள்
நாகலூர் பூவரசி, ஜெசிந்தா மேரி,
காபிப்பழ சீசனில் பாதி நாள் வராத சடையன்.

மதியச் சோற்றுக்குப் பிறகு நாற்பது நிமிடம்,
சில்வர் ஓக் மரத்தடியில்.
மரத்தில் நான் சாய்ந்துகொள்வேன்.
அவர்கள் ஈரத் தரையில்
சாக்கு விரித்து உட்காருவார்கள்.
நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்கு
மரம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

முதல் வாரம் நன்றாகவே போனது.
நான் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள்.
மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ்.
இரண்டாம் வாரம் பூவரசி
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:
"ஏன்?"

எது ஏன்?

"கடனக் கடனால பெருக்குனா
எப்படிடி லாபம் வரும்?
எங்க வீட்ல ஒருக்காலும் வந்ததில்ல."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.
"அது அப்படித்தான். எழுது" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அது என் குரல் இல்லை.
ஏழாம் வகுப்பில் யாரோ எனக்குச் சொன்னது.
ஒரு எழுத்துக் குறையாமல்
மூன்று வருடம் வைத்திருந்திருக்கிறேன்.

அன்றிரவு புத்தகத்தில் தேடினேன்,
கைடில் தேடினேன்.
விதி இருந்தது, கட்டம் கட்டி.
கட்டத்துக்கு வெளியே வெள்ளைத் தாள்.
மறுநாள் புள்ளியியல் நடத்தினேன்.
வேண்டுமென்றேதான்.

மாதம் இரண்டு சனிக்கிழமை
அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்ற
பூவரசி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்குவாள்.
கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை.
ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை,
பதினெட்டின் கீழ் இருபது, பதினேழின் கீழ் இருபது.
'மலை வாங்குன மார்க்கு' என்பான் சடையன்,
'எறங்க எறங்கக் கொறையுது பாரு.'

அந்தத் திங்கட்கிழமை
அவள் சாக்கு விரிக்காமலே நின்றாள்.

"வாந்தி வரக்கூடாதுன்னு
மடியவே பாத்துட்டு இருந்தேன்.
ஒரு வளைவு திரும்புனா மடில வெயில்.
அடுத்ததுல நெழலு.
அதுக்கடுத்து திரும்ப வெயில்.
ரெண்டு தடவ திரும்புனா பஸ்ஸு
முன்ன பாத்த பக்கமே பாக்குதுடி.
மைனஸுன்னா கடன் இல்ல.
திரும்புறது."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.
எரிச்சல்.
நானும்தான் அந்த பஸ்ஸில் போகிறேன்,
ஜன்னலோரம், கணக்கு நோட்டு விரித்து,
வெயில் கண்ணில் குத்துகிறதென்று
திரையை இழுத்துவிட்டு.

குச்சி எடுத்துத் தரையில் கோடு கிழித்தேன்.
நடுவில் சைபர்.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மைனஸ் ஒன்று.
சடையன் எழுந்து பஸ் ஆனான்.
வாயாலேயே ஹாரன் அடித்து
ஒரு திருப்பம், இரண்டு, மூன்று.
ஒற்றைப்படையில் அவன் முதுகு தெரிந்தது,
இரட்டைப்படையில் பல்.
"இருபதும் போனா?" என்றாள் ஜெசிந்தா.
யாரும் எண்ணவில்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மணி அடித்தது.
நான் மண்ணைத் தட்டி எழுந்துகொண்டேன்.

"இருடி" என்றாள் பூவரசி.
"பதினாறாவது வளைவுல எதிர்ல லாரி.
எங்க பஸ்ஸு பாதி திரும்பி
குறுக்க நின்னுடுச்சி.
மேலயும் பாக்கல, கீழயும் பாக்கல,
முன்கண்ணாடி பூரா வானம்.
ரெண்டு பாதி சேந்தாதான ஒரு திருப்பம்?
அப்ப அந்தப் பாதிக்கு
என்ன நம்பரு?"

கோட்டைப் பார்த்தேன்.
வலது இருந்தது.
இடது இருந்தது.
"தெரியலை" என்றேன்.
அந்தச் சொல் வாய்க்குப் பழக்கமில்லாமல்
கொஞ்சம் இடறியது.

பனி மேலேறி வந்துகொண்டிருந்தது.
சடையன் கோட்டின் மேல்
குறுக்காக நின்றிருந்தான்,
இல்லாத ஸ்டியரிங்கை
இரண்டு கையாலும் பிடித்தபடி.

இரண்டாம் மணியும் அடித்தது.