செவ்வாயில் இறக்கிவிட்ட குதிரை

அடையாள அட்டையில் என் பெயரை
யஸ்மா என்று அடித்திருந்தார்கள்.
யஸ்னா, என்றேன்.
சரி யஸ்மா, அந்தத் தொலைபேசியை எடு, என்றாள் ஹிமேனா.

பூந்தா அரேனாஸில்
மருந்துக்கடைக்கு மேல்மாடி வானொலி நிலையம்.
காற்று வந்தால் கோபுரம் முனகும்.
நேயர்களுக்கும் அது கேட்கும்,
யாரும் புகார் சொன்னதில்லை.
மூன்றாண்டு கல்லூரியில்
செய்தியின் அறம் படித்துவிட்டு வந்தவளுக்கு
முதல் வேலை, நண்டு விலை.
அப்புறம் தொலைந்த நாய்.
அப்புறம் நகரசபையின் நாலு மணி நேரத்தை
நாற்பது நொடியாக்குவது.

அன்று மாலையே
நோல்பெர்த்தோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
ஏழரைக்குத் தூதுநேரம்.
தொலைபேசி எட்டாத பண்ணைகளுக்கு
ஊரிலிருந்து சொல்லியனுப்பும் வரிகள்.
நீயே வாசி, என்றார்கள்.

பற்செட்டு தயார், வந்து வாங்கிக்கொள்ளவும்.
பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு,
மூக்கு உங்கள் வீட்டு மூக்கு.
தோல் வியாபாரி மாதக் கடைசியில்தான்.
அல்த்தோ வளைகுடா, நெல்டா கார்க்கமோவுக்கு:
படகு செவ்வாய்க் காலை,
இறங்குதுறையில் நிற்கவும்.

இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியோடு
நானே எழுதியெடுத்த சீட்டு.
கண்ணாடிக்கு அப்பால் யாரோ கட்டைவிரல் உயர்த்தினார்கள்.
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது.
துறைமுக அதிகாரியைப் பேட்டி கண்டேன்,
பதிவுப் பொத்தானை அமுக்காமல்.
இரண்டாம் முறை அதே பதில்களை
கோபமாகச் சொன்னார், நன்றாகவே இருந்தது.
புதனன்று பாதி ரொட்டியை வைத்துவிட்டு ஓடினேன்,
மீன்பிடிக்காரர்கள் சாலையை மறித்திருந்தார்கள்.
திரும்பி வந்தால் ரொட்டியின் மேல்
கையெழுத்துக்கு ஒரு படிவம்.
இரவு படுக்கையில்
வெட்டிய ஒலித்துண்டுகள் தலைக்குள் ஓடின,
ஓர் இருமல், ஒரு "அதாவது",
மறுபடி அதே இருமல்.

வெள்ளிக்கிழமை படகுக்காரர் மாடியேறி வந்தார்.
தீவனப் பையிலிருந்து கிழித்த தாள்,
பென்சில் எழுத்து.

"செவ்வாய் என்று வாசித்த பெண்ணுக்கு.
நீ முடித்ததும் சேணம் கட்டினேன்.
இரவெல்லாம் குதிரை.
படகு வியாழனன்று வந்தது.
துறைக் கொட்டகைக்குக் கதவில்லை.
குதிரைக்கு ஓட்ஸ் தீர்ந்தது, எனக்கு சிகரெட் தீர்ந்தது.
ஓட்ஸ் ஒரு மூட்டை உங்கள் கணக்கு.
சிகரெட்டை எப்படியும் விடுவதாக இருந்தேன்.
நெல்டா கார்க்கமோ."

ஒரு பெண்ணையும் ஒரு குதிரையையும்
செவ்வாயில் இறக்கிவிட்டு
நான் நண்டு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
படகோ வியாழனில்.
நடுவே எவ்வளவு இருட்டு.

ஹிமேனா திட்டவில்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
இதுவும் தூதுதான், ஏழரைக்குப் போகும், என்றாள்.
நோல்பெர்த்தோவைப் பார்த்தேன்.
காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தவன்
தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

வாசித்தேன்.
முற்றுப்புள்ளி இருந்த இடத்திலெல்லாம் நின்றேன்,
இல்லாத இரண்டு இடத்திலும்.
கோபுரம் முனகியது.
நெல்டா கார்க்கமோ, என்று முடித்து
அடுத்த சீட்டை எடுத்தேன்:
பற்செட்டு இன்னும் இங்கேயே இருக்கிறது.

பயிற்சிக்குச் சம்பளம் இல்லை.
மாதப் பேருந்துக்காசு இருந்தது.
சனிக்கிழமை தீவனக்கடை, ஒரு மூட்டை,
கடைப்பையன் தள்ளுவண்டி தந்தான்,
அதன் ஒரு சக்கரம் மட்டும் வேறு பக்கம் போயிற்று.

படகு எப்போது?
செவ்வாய், என்றார் படகுக்காரர்.
எழுதிக்கொண்டேன். திரும்பக் கேட்டேன்.
செவ்வாய்தான் பெண்ணே.
மூன்றாம் முறை கயிறு கட்டும் பையனிடம் கேட்டேன்.

அனுப்புநர் பெயர் வேண்டும் என்று
என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து
மூட்டையில் எழுதினார், யஸ்மா.
யஸ்னா, என்று கத்தினேன்.
நீரிணையிலிருந்து காற்று.
சரி சரி, என்று தலையாட்டினார்.